ஆய்வகங்களில் விலங்குகளின் எண்ணிக்கையையும் அவை படும் வேதனையையும் உண்மையிலேயே குறைக்க முடிகிறதா?

முடிகிறது. நல்ல உதாரணம் எல்டி50 சோதனை. ஒரு பொருளின் எந்த அளவு, கொடுத்த விலங்குகளில் பாதியைக் கொல்லும் என்று பார்ப்பது அது. 1927-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டிரெவன் கொண்டு வந்தார். ஒரே பொருளுக்கு 40, 50 எலிகள் என்று போகும், சில சமயம் அதற்கும் மேல். இத்தனை உயிர்கள் போயும் கிடைக்கிற எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். அப்புறம் எதற்கு அவ்வளவு துல்லியம்? ஒரு பொருள் கடும் விஷமா, லேசான விஷமா என்று வகை பிரித்தாலே லேபிள் ஒட்டப் போதும்.

இதை ஏற்றுக்கொண்டு 2002-இல் ஓஇசிடி (பல நாடுகளுக்குப் பொதுவான சோதனை நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு) பழைய எல்டி50 நெறிமுறையை நீக்கியது. இப்போதுள்ள ஒரு முறையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எலிகள்தான். இன்னொன்றில் ஒரு சமயத்தில் ஒரு எலிக்கு மட்டும் பொருளைக் கொடுப்பார்கள்: பிழைத்தால் அடுத்ததற்கு அளவைக் கூட்டுவார்கள், இறந்தால் குறைப்பார்கள். மூன்றாவது முறை எனக்குப் பிடித்தது. அதில் சாவுக்காகக் காத்திருப்பதில்லை. நச்சுப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தாலே முடிவு எடுத்துவிடலாம்.

சரி, வேதனையைக் குறைப்பதற்கு? சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் வழக்கம். அதற்குப் பதில் சின்னக் குழாய்க்குள் நுழையவிட்டுத் தூக்கினால் பதற்றம் நன்றாகக் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் குழு 2010-இல் காட்டியது. பெரிய செலவில்லை, ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். பயந்துபோன எலியின் நடத்தையை அளந்தால் ஆய்வு முடிவும் பிசகும் என்பதால், இதில் ஆய்வாளருக்கும் லாபம் உண்டு.