இம்பிளாண்ட் வைத்த மார்பு, ஆறு நாள் பிள்ளை: வலப்பக்கம் பால் குறைவு

மார்புக்குள் இம்பிளாண்ட் (மார்பைப் பெரிதாக்க வைக்கும் சிலிக்கன் பை) இருப்பதால் தாய்ப்பாலை நிறுத்தவேணுமோ என்று கேட்டீங்கள். நிறுத்தத் தேவையில்லை, குடுங்கோ. உள்ளே சிலிக்கன் இருப்பதால் பால் பழுதாகாது. போதுமான அளவு வருகுதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

இம்பிளாண்ட் வைத்த வெட்டுத் தழும்பு எங்கே? காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரமென்றால் பால்குழாய்களும் நரம்பும் அறுபட்டிருக்கலாம். வலப்பக்கக் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். மார்புக்குக் கீழ் மடிப்பிலோ கமக்கட்டிலோ என்றால் அந்தப் பயம் குறைவு.

நாளுக்கு 8-12 தரம், வலப்பக்கத்தையே முதலில் குடுங்கோ. பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் 6 தரமாவது சலம் போகவேணும். பிறந்த நிறை இரண்டு கிழமைக்குள் திரும்பவேணும். குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது நிறுக்கச் சொல்லுங்கோ. கண் கணக்கைவிடத் தராசு திறம்.

சலம் குறைந்தாலோ, பிள்ளை பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, உங்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வைத்தியரிட்டைப் போங்கோ. பால்மா சேர்க்கச் சொன்னாலும், முதலில் மார்பு, பிறகுதான் அது.