ஏர் ஃப்ரையரில் சிக்கன் 65: மாவு வெள்ளையாக நிற்பது ஏன்?

கேள்வி: ஏர் ஃப்ரையரில் சிக்கன் 65 செய்தால் மேலே மாவு திட்டுத் திட்டாக வெள்ளையாக நிற்கிறது. கறியும் சக்கையாகிறது. ஏன்?

பதில்: எண்ணெயும் ஈரமும் படாத மாவு அப்படியேதான் நிற்கும். அரைக் கிலோ எலும்பில்லாத தொடைக்கறியைக் கெட்டித் தயிர், மசாலாவில் 1 மணி நேரம் ஊறவையுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும், வேண்டாம். கடைசியில் 2 மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்), 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். விரலில் பசைபோல ஒட்ட வேண்டும், உலர்ந்த தூள் தெரியக் கூடாது.

180 டிகிரியில் முன்சூடு செய்து, துண்டுகளை இடைவெளி விட்டு ஒரே அடுக்காக வையுங்கள். நெருக்கினால் ஆவியில் வெந்து நீர் விடும். 7 நிமிடத்தில் திருப்பி, மேலே எண்ணெய் தடவி, இன்னும் 5 நிமிடம். பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் 2 நிமிடம் கூட்டுங்கள். கறிவேப்பிலையை மட்டும் உள்ளே போடவே போடாதீர்கள்: காற்றில் பறந்து மேலேயுள்ள சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகும். தனியே தாளித்துக் கொட்டுங்கள்.