அம்மாவுக்கு 62 வயது, 2 வருடமாக இடுப்பு வலி. சிங்கப்பூரில் அக்குபஞ்சர் போடலாமா? எத்தனை முறை போக வேண்டும்?

போடலாம். ஆனால் ஊசி முதுகெலும்பில் தேய்ந்துபோன தட்டைச் சரியாக்காது. வலியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். அந்த நாட்களில் அம்மா தினமும் நடக்கவும் இடுப்புப் பயிற்சி செய்யவும் தொடங்க வேண்டும். படுத்தே இருந்தால் வலி திரும்பி வரும்.

2007-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 1,162 பேர் கலந்துகொண்டார்கள். 6 மாதம் கழித்து, சரியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6%, புள்ளி விலகி மேலாகக் குத்தியவர்களில் 44.2%, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4% பேருக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. புள்ளி விலகினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பெரிய பெயருக்காக அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த ஆய்வில் வாரம் 2 முறை, அரை அரை மணி நேரம், மொத்தம் 10 முறை போட்டார்கள்.

போகும் முன், முதலில் 6 முறைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். 20 முறைக்கான பேக்கேஜுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். அடுப்படியில் அம்மாவால் எத்தனை நிமிடம் தொடர்ந்து நிற்க முடிகிறது என்று முதல் நாளே குறித்து வையுங்கள். ஆறாவது முறைக்குப் பிறகும் முதல் நாள் குறித்த அதே நிமிடங்கள்தான் என்றால் நிறுத்திவிடலாம்.

ஊசி போடும் சின்செயின் (சீன மருத்துவரின்) பெயர் பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஒருமுறை போட்டதும் வீச வேண்டும். வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இடுப்பில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், முழங்காலின் பின்மடிப்பிலும் குத்துவது வழக்கம். ஊசி ஏறக்குறைய 0.25 முதல் 0.30 மி.மீ. தடிமன்தான். குத்திய இடம் கனப்பது சரி. கால் வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்றால் உடனே சொல்லச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், குத்திய இடத்தில் இரத்தம் கசிந்து கன்றிப்போகலாம். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை காட்டுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் ஊசிக்குப் போகவே வேண்டாம். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.