வர்த்தகப் பங்கு ஏறுகிறது, ஒருங்கிணைப்பு தேங்குகிறது: எது சரி?

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) உள் வர்த்தகத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகும்போது, 1966-க்குப் பிறகு ஒருங்கிணைப்பு தேங்கியது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி. நீங்கள் போட்டிருக்கும் வரைபடம் உறுப்பு நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தின் பங்கைக் காட்டுகிறது. அது சந்தை ஒருங்கிணைப்பு. அரசியல் ஒருங்கிணைப்புக்கு, முடிவை யார், எந்த வாக்கு விதிப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1966-க்குப் பிறகு இரண்டும் பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஆண்டு ஜனவரியில் உறுப்பு நாடுகள் செய்துகொண்ட லக்சம்பர்க் சமரசம்தான். இந்தச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தப்படி அதே ஜனவரியில் வேளாண்மை உள்ளிட்ட துறைகளில் பெரும்பான்மை வாக்கு தொடங்கியிருக்க வேண்டும். இதை விரும்பாத பிரான்ஸ் 1965-இல் கூட்டங்களைப் புறக்கணித்தது. சமரசத்துக்குப் பின் 'மிக முக்கிய நலன்' என்று ஒரு நாடு சொன்னாலே வாக்கெடுப்பு நின்றது. வர்த்தகமோ சுங்க ஒன்றியம் (உள்ளே சுங்க வரி இல்லை, வெளியே ஒரே வரி) நோக்கி ஓடியது. 1968 ஜூலையில் உறுப்பு நாடுகளுக்கிடையிலான சுங்க வரிகள் போயின.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. வேளாண்மை, வெளிவர்த்தகம், வரி, வெளியுறவு என்று துறைவாரியாகப் பிரியுங்கள்.
2. மதிப்பெண்: 0 தேசிய அரசு மட்டும், 1 கலந்தாலோசனை, 2 ஒருமனதான கூட்டு முடிவு, 3 பெரும்பான்மை வாக்கு, 4 அதோடு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம அதிகாரம்.
3. அட்டவணையில் ஒப்பந்தம் சொல்வதற்கு ஒரு நெடுவரிசை, நடைமுறையில் நடப்பதற்கு ஒரு நெடுவரிசை. இதை விடாதீர்கள். 1970-இல் வேளாண்மைக்கு ஒப்பந்தத்தில் 3, நடைமுறையில் 2. லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பின் 2010-இல் 4. வரி இன்றும் 2-தான்.

வர்த்தகக் கோட்டையும் வைத்துக்கொள்வதானால் ஆரம்ப ஆறு நாடுகளை மட்டும் எடுங்கள். 1973-இல் உறுப்பு நாடுகள் ஒன்பதானபோது, புதிய நாடுகளுடன் வெளி வர்த்தகமாக இருந்தது கணக்கில் உள் வர்த்தகமாகிவிட்டது.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். இவை வரிசை எண்கள். 1-இலிருந்து 2-க்கும் 2-இலிருந்து 3-க்கும் உள்ள தூரம் ஒன்றல்ல.