வாசகர் கேள்வி: சந்தையில் கடை போடலாமா?

கேள்வி: வீட்டில் சுடுமண் தோடும் மணிமாலையும் செய்கிறேன். பினாங்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்க ஆசை. ஒரு நாள் எப்படிப் போகும், அக்கா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகப் போடுங்கள் தங்கச்சி. ஜார்ஜ் டவுனில் ஹின் பஸ் டிப்போ (பழைய பேருந்துப் பணிமனை, இப்போது கலை மையம்) மாதிரி ஏற்பாட்டாளர் நடத்தும் சந்தை என்றால் அவர்களிடம் பதிந்து வாடகை கட்டினால் போதும். சாலையோரம் தனியாக விற்க மாநகர் மன்ற உரிமம் வேண்டும், அது இல்லாமல் இறங்காதீர்கள்.

காலையில் மேசை விரித்ததும் முதல் வேலை நிழல் பார்ப்பது, ஏனென்றால் மதிய வெயில் சாயத்தை வெளுக்க வைத்துவிடும், அப்புறம் திடீர் மழை, அதனால் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். சுடுமண் தோடு சிமெண்டுத் தரையில் விழுந்தால் அவ்வளவுதான், மேசையைச் சுற்றி ரப்பர் பாய் போடுங்கள். கண்ணாடி கட்டாயம்! தோட்டைக் காதருகே பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பவர்தான் வாங்குகிறார். கொக்கியில் நிக்கல் இருக்கிறதா, காது அரிக்குமா என்று நிறைய பேர் கேட்பார்கள், தெரிந்து வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் பணம் வாங்க க்யூஆர் அட்டை இருந்தாலும் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வெள்ளி சில்லறை வேண்டும். விலையை எழுதி ஒட்டுங்கள், கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுகிறார்கள். பேரம் பேசினால் கோபம் வேண்டாம், ஆனால் உங்கள் உழைப்புக் கூலியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம். தீபாவளிக்குச் சிவப்பும் தங்க நிறமும் நன்றாகப் போகும், அதை இப்போதே செய்யத் தொடங்குங்கள்.