ரஷ்ய இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது?

அடுத்த மாதம் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறேன், இலக்கணத்தில் எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழிலிருந்து தொடங்குங்கள். நான் ரஷ்யாவின் குர்ஸ்க் நகருக்குப் போனபோது கையில் இருந்தது ஆங்கில வழி இலக்கண நூல். 'ம்னே ஹோலத்னா' என்ற ஒரு வாக்கியத்துக்கே அதில் முக்கால் பக்க விளக்கம். நமக்கு ஒரு வரி போதும்: ம்னே என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது. 'ம்னே த்வாத்சத் லெத்', எனக்கு இருபது வயது. 'யா விராச்', நான் மருத்துவர். நடுவில் வினைச்சொல் நமக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம்.

வேற்றுமை ஆறுதான். ஆனால் நம் 'கு' எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும், அங்கே உருபு பாலுக்குத் தக்கபடி மாறும். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லை. மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண். அப்பாவைக் குறிக்கும் 'பாப்பா' போன்ற சில சொற்கள் 'ஆ'வில் முடிந்தும் ஆண்பால்தான், நல்லவேளை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாம் வேற்றுமை. 'வீடு தேடினேன்' என்போம், 'அண்ணன் தேடினேன்' என்போமா? அங்கேயும் 'இஸ்காலா தோம்' என்றால் வீடு மாறாது. 'ப்ராத்' (அண்ணனும் அதுதான், தம்பியும் அதுதான்) மட்டும் 'இஸ்காலா ப்ராத்தா' என்று உருபு ஏற்கும். ஆண்பால் பெயர்களில் உயிருள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறார்கள். நம் உயர்திணை மாதிரிதான், ஆனால் பூனைக்கும் அதில் இடமுண்டு.

'இஸ்காலா' பெண் சொல்வது. ஆண் என்றால் 'இஸ்கால்'. ஒலிப்பதிவில் ஆண் குரலைக் கேட்டே பழகியதால் முதல் மாதம் முழுக்க நான் 'இஸ்கால்' என்றே சொல்லித் திரிந்தேன். சந்தையில் முட்டைக்கோஸ் விற்ற பாட்டிதான் சிரித்துவிட்டுத் திருத்தினார்.

வினையில் 'சிதாலா' என்றால் படித்தேன், 'ப்ரசிதாலா' என்றால் படித்து முடித்துவிட்டேன். அந்த 'விட்டேன்' உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. அதை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.

எண்களை மட்டும் போகும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். அவர்கள் பணமான ரூபிளை எண்ணும்போது ஒன்றுக்கு 'ரூப்ள்', இரண்டு முதல் நான்கு வரை 'ருப்ள்யா', ஐந்து முதல் இருபது வரை 'ருப்ள்யேய்'. சரி, முடிந்தது என்று நினைத்தால் இருபத்தொன்றுக்கு மறுபடியும் 'ரூப்ள்'!