கராம்பு, கறுவா எண்ணெயைப் பல் அடைக்கும் சீமெந்தில் கலந்தால் மறுபடி சூத்தை வராதா?

நான் பல் மருத்துவன் அல்லன். துணுக்காய்ப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். பல்லைக் காட்ட ஆள் தேடுவதைவிடப் பல்வலியோடு இருப்பது சுலபம். அம்மாவிடம் பெருவிரல் அளவில் ஒரு கராம்பெண்ணெய்ப் போத்தல் இருந்தது. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெயில் தொட்டு, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் என் பல் ஓட்டைக்குள் வைப்பார். முதலில் எரியும். பிறகு நாக்கில் பாதி மரத்துப்போகும். பிறகுதான் நித்திரை. ஒருநாள் கை தவறி முரசில், அதாவது பல் ஈறில், கொட்டிவிட்டது. மறுநாள் அந்த இடம் வெள்ளையாக உரிந்து வந்தது. கிருமியின் சவ்வைக் கிழிக்கும் பொருள் என் தோலை மட்டும் விட்டுவைக்குமா?

அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். நாக ஒட்சைட்டு, அதாவது சிங்க் ஒக்சைட் தூளை யூஜினோலுடன் குழைத்தால் இறுகிச் சீமெந்தாகிவிடும். ஒரு நாக அயனை இரண்டு யூஜினோல் மூலக்கூறுகள் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பல் மருத்துவர்கள் இதைப் பாவிக்கிறார்கள். எனவே நீங்கள் கேட்கும் யோசனை புதிதல்ல. பல் கிளினிக்குகளில் அடிக்கும் அந்தக் கராம்பு மணமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பிடி தண்ணீரில் அவிழக்கூடியது. உமிழ்நீர் பட்டால் யூஜினோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியே வரும். வலி தணிவதும் கிருமி சாவதும் அதனால்தான். அதே காரணத்தால்தான் அது தற்காலிக அடைப்பாகவே நின்றுவிட்டது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதைக் குளத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். துருசை, அதாவது குளத்து மதகைத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். திறந்தே வைத்திருந்தால் குளம் வற்றும். எண்ணெய் கலந்த அடைப்பு, ஒரே ஒரு தடவை நிரம்பிய குளம். அதற்கு அடுத்த மாரி கிடையாது.

அப்படியானால் நிரந்தர அடைப்பில் கலந்தால் என்ன? சில வருடங்களுக்கு முன் அந்தப் பல் மறுபடி குடையத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் காலையில் கராம்பெண்ணெயை வைத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போனேன். வாயைத் திறந்தேன், டொக்டர் முகமூடிக்குள் சிரித்தார். என்னிடம் படித்த பிள்ளை.

“கராம்பெண்ணெய் வைத்தீர்களா, சேர்?”

“ஓம் பிள்ளை, வலி தாங்க முடியவில்லை.”

“பீனோல் சுயாதீன மூலிகத்தைப் பிடித்துவிடும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?”

வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன பதில் சொல்வது? பல் நிறத்தில் வைக்கும் வெள்ளை அடைப்பு ஒரு பல்பகுதியம், அதாவது பொலிமர். (பல்லுக்குள் பல்பகுதியம் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்; அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.) நீல ஒளி பட்டதும் சுயாதீன மூலிகங்கள், அதாவது சோடி சேராத இலத்திரனோடு துடிக்கும் துணிக்கைகள், தோன்றி, மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து இறுக்கும். யூஜினோல் ஒரு பீனோல். அந்த மூலிகங்களைப் பிடித்து அடக்கிவிடும். அடைப்பு சரியாக இறுகாது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமோலும் பீனோல்தான். ஆக, கிருமியை மிரட்டும் எண்ணெய்களில் பல, வெள்ளை அடைப்பையும் கெடுக்கக்கூடியவை.

இத்தனைக்கும் உதவி அதிகம் தேவைப்படுவது அந்த வெள்ளை அடைப்புக்குத்தான். இறுகும்போது அது கனவளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழலாம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பக்ரீரியாக்கள் அதற்குள் குடியேறி, நாம் குடிக்கும் சீனித் தேநீரை அமிலமாக்கும். பிஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் பல் எனாமல் கரையத் தொடங்கும். அடைத்த பல் ஓரத்தில் மறுபடி சூத்தையாவது இப்படித்தான்.

டொக்டர் ஓட்டையைச் சுரண்டித் துப்புரவாக்கி, அன்றைக்குக் கிளாஸ் அயனோமர் வைத்தார். ஆய்வுக்கூடங்களில் தாவர எண்ணெய்களை அதிகமாகக் கலந்து பார்ப்பது இந்தச் சீமெந்தில்தான். காரணம் எளிது. ஒரு வகைக் கண்ணாடித் தூளும் பொலிஅக்ரிலிக் அமிலமும் சேர்ந்து, அமில மூலத் தாக்கத்தால் இறுகும் பொருள் அது. சாதாரண வகையில் சுயாதீன மூலிகத்துக்கு வேலை இல்லை. லண்டனில் வில்சன், கென்ட் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில், மின்சாரமும் துளைகருவியும் இல்லாமல் கைக்கருவியால் சூத்தையை வழித்து அடைக்கும் முறை தொடங்கியபோது, பின்னர் அதற்குப் பொருத்தமாக வந்ததும் இதுதான். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு மல்லாவிக் கொட்டில் ஞாபகம் வந்தது.

கராம்பு, கறுவா, தைம் எண்ணெய்களைச் சிறு வீதத்தில் இதில் கலந்து, வட்டுகளாக வார்த்து, பக்ரீரியா வளர்த்த ஏகார்த் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில், வைக்கிறார்கள். வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெளிறிய வளையம் தெரிகிறது. அந்த அளவில் யோசனை உண்மையானது. ஆனால் வீதத்தைக் கூட்டினால் சீமெந்தின் வலிமை குறையக்கூடும். நீரோடு நடக்க வேண்டிய தாக்கத்துக்கு நடுவே எண்ணெய்த் துளிகள் நந்தி மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு, தட்டு வேறு, வாய் வேறு. வாயில் உமிழ்நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, கிருமிகள் பிசினுக்குள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. சில நாள் தெரிந்த வளையத்தை வைத்துப் பத்து வருடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

கிளாஸ் அயனோமர் தானாகவே ஃபுளோரைட்டைக் கசியவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கசிந்து குறைந்த பிறகு, பற்பசையிலிருந்து கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் குளத்துக்கு மாரி உண்டு, நாளுக்கு இருமுறை. எண்ணெய்க்கு அப்படி ஒரு வழி இல்லை. எண்ணெயை நுண்கூடுகளில் அடைத்து மெல்ல விடுவிக்கப் பார்க்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, ஜப்பானில் 1990களில் வந்த எம்டிபிபி என்ற மூலக்கூறு: அது பல்பகுதியச் சங்கிலியிலேயே பிணைந்துகொண்டு, தொட வரும் கிருமியை மட்டும் தாக்கும். எதுவும் கசிவதில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் இந்தப் பக்கமே கட்டுவேன்.

கறுவா என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. பட்டை எண்ணெயில் பெரும்பாலும் சின்னமல்டிகைட்டு என்ற வேறொரு பொருள். இலை எண்ணெயில் பெரும்பாலும் யூஜினோலேதான். வேப்பெண்ணெய் இந்தக் கணக்கிலேயே வராது. அது விதையைப் பிழிந்த கொழுப்பெண்ணெய், ஆவியாகும் வாசனை எண்ணெய் அல்ல. “அத்தியாவசிய எண்ணெய்” என்று சிலர் மொழிபெயர்ப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அத்தியாவசியம் ஒன்றுமில்லை, சாரம் என்பதே அங்கே பொருள்.

வீட்டில் எதையும் குழைத்துப் பல்லில் அப்பாதீர்கள். வலி இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். கராம்பெண்ணெய் வைத்திருந்தால் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் போத்தல் இப்போதும் இருக்கிறது, அலுமாரியின் மேல்தட்டில், பேரனுக்கு எட்டாத உயரத்தில். சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் சிறிதளவும் ஈரலைத் தாக்கக்கூடும்.